மச்சானுக்கு: பிரேக் பிடித்துவிட்டது

முல்லா வீதி,
புதுச்சேரி.
ஞாயிறு காலை.

பாரிசில் வசிக்கும் மதிப்பிற்குரிய மச்சான் அஸாருதீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜஹபர் நிஷாவின் கணவன் ஜெய்னுலாபுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அந்தக் குளிரில் தாங்களும் பிள்ளைகளும் இருமல், சளி அண்டாமல் இருக்க துஆ செய்கிறேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் தாங்கள் பாதிக்கு மேல் கேட்பதில்லை என்று என் மகள் சானியா சொல்கிறாள். ஆகவே காகிதம்.

விஷயம் தங்கள் அத்தா, என் மாமா விட்டுப்போன அறுபத்திரண்டாம் வருஷத்துப் பிரெஞ்சு காரைப் பற்றியது. பிரேக் இல்லாத வண்டி எதற்கு, ஓட்டல் மேனேஜர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். எதற்குக் கேட்கிறார் என்று விசாரித்தீர்களா? நான் விசாரித்தேன். ஓட்டல் வாசலில் நிறுத்தி, கூரையை அறுத்து, உள்ளே மண் கொட்டி குரோட்டன்ஸ் வளர்க்கப் போகிறாராம்! நிக்காஹ் அன்றைக்கு மாமா என்னை உட்கார வைத்து அழைத்துப் போன சீட்டில் குரோட்டன்ஸ்! வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டி, நிறுத்திக் காட்டினால் கார் எனக்கு, இல்லையென்றால் ஓட்டலுக்கு என்று தாங்கள் சொன்னதை ஏற்று, திங்கட்கிழமையே காருக்கு அடியில் படுத்துவிட்டேன்.

முன் சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாயில், கடைசி நட்டு கிட்ட ஆயில் சொட்டுது. அவ்வளவுதான் வியாதி. முப்பத்தொரு வருஷம் ஊருக்கே தண்ணிக் குழாய் பார்த்தவன் நான், இது எனக்கு ஒரு வேலையா என்று நட்டை நல்லா முறுக்கி, வெள்ளை டேப்பை ஏழு சுத்து சுத்தினேன். சொட்டு நின்னுச்சு. வண்டியை எடுத்தேன். தெருமுனையில பெடலை மிதிச்சா கால் தரை வரைக்கும் போவுது! ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது கையோட வந்துடுச்சு. நடக்கிற வேகந்தான், ஆனாலும் எதிர் வீட்டு அமுதவல்லியம்மா அங்க பாய் போட்டுக் காயவெச்சிருந்த வத்தல் மொத்தத்தையும் ஏறி மிதிச்சு, மணல் குவியல்ல போய் முட்டித்தான் நின்னுது. அந்தம்மா என்னைச் சொன்னதை எழுத மாட்டேன். தாங்கள் மரியாதைப்பட்டவர்.

செவ்வாய்க்கிழமை வந்த மெக்கானிக் குனிஞ்சுகூடப் பார்க்கல. "பாய், ட்ரம்மை மாத்தணும், மாஸ்டர் சிலிண்டரை மாத்தணும், பேசாம காரையே மாத்திடுங்க"ன்னுட்டு டீ குடிச்சிட்டுப் போயிட்டார். புதன்கிழமை உங்க தங்கச்சி மீன் வாங்கிட்டு வரச் சொல்லி என்னைத் தேங்காய்த்திட்டுக்கு அனுப்பினா. கழட்டின குழாயையும் நட்டையும் அதே பையில போட்டுக்கிட்டுப் போனேன். ஹார்பர் பக்கத்துல தனக்கொடின்னு ஒரு அம்மா, போட் இன்ஜின் ரிப்பேர் பண்றவங்க. நட்டை வாங்கி விரல்ல உருட்டிப் பார்த்துட்டு, "பாய், இதை யாரு போட்டது?"ன்னாங்க.

"முன்ன ஒரு ஆள் போட்டது. நான் முறுக்க மட்டுந்தான் செஞ்சேன்."

"மரையே வேற பாய். கார் மில்லிமீட்டரு, நட்டு இஞ்ச்சு. நீ வருஷம் பூரா முறுக்கினாலும் உக்காராது. குழாய் வாயும் விண்டுபோயிருக்கு. டேப்பு சுத்தினது யாரு?"

நான் மீன் பையைப் பார்த்தேன்.

அவங்க குழாய் மொத்தத்தையும் புதுசா வெட்டி, சரியான நட்டைக் கோத்து, வாயை அழகா விரிச்சுக் குடுத்தாங்க. மறுநாள் வீட்டுக்கே வந்து, உள் மரை நல்லா இருக்கான்னு பார்த்து மாட்டியும் விட்டாங்க. ஹேண்ட் பிரேக்குக்கும் புதுக் கம்பி. அப்புறம் குழாயில இருக்கிற காத்தை எடுக்கணும். ஜஹபர் நிஷா பெடல்ல, நான் சக்கரத்துக்கிட்ட. "அமுக்கு"ன்னா அமுக்கறா, "புடி"ன்னா புடிக்கறா, "விடு"ன்னா விடறா. மச்சான், கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல நான் சொன்னதை அவ நாப்பது தடவை தொடர்ந்து கேட்டது அன்னிக்குத்தான். குமிழி நின்னுது, பெடல் கல்லு மாதிரி ஆச்சு, ஒரு சொட்டு ஒழுகல.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வர்றேன், மேனேஜர் இழுவை வண்டியோட எங்க வாசல்ல நிக்கிறார். "முசே, ஒரு நிமிஷம்"னு பிரெஞ்சு மரியாதையோட சொல்லிட்டு காரை எடுத்து, தெருமுனை வரைக்கும் போய்த் திருப்பி, நேரா அவரைப் பார்த்து வந்தேன். அவர் நகரல. மிதிச்சேன் பாருங்க! அவர் ஷூவுக்கு ஒரு ஜாண் முன்னாடி கார் நின்னுது, ஆணி அடிச்ச மாதிரி! தெருவே கை தட்டுச்சு, அமுதவல்லியம்மா உட்பட. இழுவை வண்டி வெறும் கொக்கியோட திரும்பிப் போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு மச்சான், பிரேக் ஆயில் பட்டதாச் சொல்லிக்கிட்டேன்.

ஆகவே, தாங்கள் கொடுத்த வாக்குப்படி ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றக் கையெழுத்திட்டு அனுப்பவும். தங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சலாம். இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், போனை முழுசாகக் கேட்கும் பொறுமையும் தருவானாக.

இப்படிக்கு,
ஜெயித்த மாப்பிள்ளை,
ஜெய்னுலாபுதீன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கில் ஜஹபர் நிஷா, பக்கத்து சீட்டில் தனக்கொடி, பின்னால் அமுதவல்லியம்மா. லைசன்ஸ் எடுத்து நாலு மாசம் ஆகிறதாம். "எங்க அத்தா காரு, நான் ஓட்டறேன்"னு சொல்லிட்டு வில்லியனூர் பக்கம் போயாச்சு. ஆர்.சி. புத்தகத்தைத் தங்கள் தங்கை பெயருக்கே மாற்றவும். மேலே நான் ஜெயித்ததாக எழுதியதையும் அவள் ஜெயித்ததாகத் திருத்தி வாசித்துக்கொள்ளவும்.