ஆரோக்கியமான ஆள் நான்தான்

அவமானப்பட்டவர்கள் எல்லாரும் பிற்பாடு திருந்திவிட்டதாகக் கட்டுரை எழுதுவது வழக்கம். நான் திருந்தவில்லை. அன்றைக்கு அந்த அறையில் பேசியதில் பாதியை இன்றைக்கும் பேசுவேன். (மீதிப் பாதி காய்ச்சலில் பேசியது.)

டெல்லியில் பி.எச்டி. செய்துகொண்டிருந்தேன். என் ஆராய்ச்சி ஒரே ஒரு ஜீனைப் பற்றியது. உடம்புக்குள் வைரஸ் நுழைந்தால், அதன் மரபெழுத்துகளைக் கன்னாபின்னாவென்று மாற்றி உருப்படாமல் செய்கிற ஒரு நொதியை அந்த ஜீன் தயாரிக்கும். நல்ல செல்லில் அது பேசாமல் கிடக்கும். வைரஸ் வந்தால்தான் எழும். கேன்சர் செல்லிலோ வைரஸே இல்லாமல் எந்நேரமும் விழித்திருந்து, சொந்த வீட்டு டி.என்.ஏ.வையே கிறுக்கித் தள்ளும். அங்கே அதன் சுவிட்சைத் தட்டிவிடுவது யார் என்பதுதான் என் கேள்வி.

ரத்தப் புற்றுநோய் செல்கள் எங்கள் லேபில் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். எங்களில் யாராவது கையை நீட்டுவோம். (முறைப்படி அனுமதியெல்லாம் வாங்கித்தான்.) அந்தத் தடவை நான் நீட்டினேன்.

அன்று காலை ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அப்பா என்னைத் தடுத்துப் பார்த்தார். மத்திய அரசில் கிளார்க்காக வந்து செக்‌ஷன் ஆபீசரானவர்; பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. "ஏட்டி, தொண்டை கட்டிருக்குல்லா, இன்னைக்குப் போவணுமா?" என்றார். நவம்பர் மாதம் டெல்லியில் தொண்டை கரகரக்காதவர் யார், ஊரே புகையைத்தானே குடிக்கிறது என்று சொல்லிவிட்டு மெட்ரோ பிடித்தேன்.

ரிசல்ட் வந்தது. என் ரத்தத்தில் அந்த ஜீன் கேன்சர் செல்லைவிட அதிகமாக ஆட்டம் போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கோ உலகம் இத்தனை நாள் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்ததை நிமிர்த்தப் பிறந்தவள் நான்தான் என்று தோன்றிவிட்டது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்றிலும் அதே விடை. (மூன்றும் ஒரே டியூப் ரத்தம். வேறென்ன விடை வரும்?) இன்னொருவர் ரத்தத்தையும் பார்த்துவிடேன் என்று கைடு மேடம் சொன்னார். மூன்று முறை பார்த்தாயிற்று, நாலாவது எதற்கு என்று முறைத்தேன். சரி, உன் இஷ்டம் என்று அவர் சிரித்தார்.

திங்கட்கிழமை ரிவ்யூ கமிட்டி. அவர்கள் தலையசைத்தால்தான் ஃபெலோஷிப் தொடரும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு போனேன். உடம்பு கொதித்தது. புரட்சி செய்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டித் தலைவர் வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர். திரையில் நான் போட்ட வரைபடத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, அந்த ஆரோக்கியமான நபர் யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். சொல்லி முடிக்கவும் அடுக்குத் தும்மல் வரவும் சரியாக இருந்தது.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கொரோனா காலத்து நெற்றித் தெர்மாமீட்டர் வாசல் காவலரிடம் இன்னும் இருந்தது. அவரை உள்ளே அழைத்தார்கள். காவலர் அதை என் நெற்றிக்கு நேரே பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏக் சௌ தோ, சார்" என்று நூற்றிரண்டு டிகிரியை அறிவித்தார்.

"சார், காய்ச்சல் வேற, டேட்டா வேற" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. இரண்டாவது ஸ்லைடைத் திரும்பப் போடச் சொன்னார். வைரஸ் வந்தால்தான் இந்த ஜீன் எழும் என்று அதில் நானே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அழுகை வந்தது. அப்போதும் விடவில்லை. ஜீன் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, தப்பு ஜீனுடையது இல்லை என்று வாதாடினேன். ஹோலி முடிந்ததும் வாருங்கள், உங்கள் ரத்தம் இல்லாமல் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் ரத்தம் இல்லாமல் என்றார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குணமானதும் மற்றவர்கள் ரத்தத்தோடு என்னுடையதையும் எடுத்தேன். மற்றவர்களுடையதில் ஜீன் தூங்கியது. காய்ச்சலில் அத்தனை ஆடிய என்னுடையதும் சாதுவாகக் கிடந்தது. கேன்சர் செல்லில் மட்டும் குறையாத ஆட்டம். நல்ல செல்லும் ஆடத்தான் செய்கிறது. வந்த காரியம் முடிந்தால் அடங்கத் தெரிகிறது. கேன்சர் செல்லுக்கு அது தெரியவில்லை. இதைத்தான் ஹோலிக்குப் பிறகு கமிட்டி முன்னால் போட்டேன், என் ரத்தத்தோடு சேர்த்து. ஃபெலோஷிப் தொடர்ந்தது.

அந்த வெற்றிக் களிப்பில் விஷயத்தை அப்பாவுக்குப் புரியும்படி விளக்கித் தொலைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு விடிவு இல்லை.

போன வாரம் கரோல் பாக்கில் ஒரு ஸ்கூட்டர்காரர் என் கால்மேல் ஏற்றப் பார்த்தார். சண்டைக்குப் பிடித்துக்கொண்டேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பி, சந்து திரும்பி மறைந்தும்விட்டார். நான் நடுத்தெருவில் நின்று இந்தியில் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார்.

"ஏட்டி, வைரஸ் போயி ரொம்ப நேரமாச்சு. இனி அடங்கு."

இன்னும் இரண்டு வாக்கியம் பாக்கி இருந்தது. அதையும் திட்டி முடித்துவிட்டுத்தான் நடந்தேன்.