ஆரெண்டே தெரியாத பெரியம்மா

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு கையிலிருக்கிற கரும்பலகைச் சோக்குக் கட்டி பறக்கும். கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன் என்பதை இதற்குச் சாட்டாகச் சொல்லலாம். ஆனால் வீட்டிலும் நான் அப்படித்தான். (சோறு குழைந்தாலும் காது சிவக்கும்.) ஆறு வருடங்களுக்கு முன்பு ஒருநாள், பறந்த சோக்கு அதிபரின் மூக்குக் கண்ணாடியில் போய்ப் பட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சேர், மனசை ஒருக்கா அமைதிப்படுத்தப் பாருங்கோ" என்றார்.

சரி, அமைதியாகித் தொலைப்போம் என்று முடிவெடுத்தேன். அதையும் கோபத்தோடுதான் எடுத்தேன்.

கைபேசியில் தேடியபோது ஒரு காணொளி வழி சொன்னது. நல்லதொரு ஓவியத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டி, தரையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் முன் இருந்து தினமும் இருபது நிமிடம் கண் இமைக்காமல் பார்க்க வேண்டுமாம். பக்கத்தில் ஒரு விளக்கும் புதுப் பூவும் இருந்தால் இன்னும் விசேஷமாம். இணையத்தில் ஓர் ஓவியம் பிடித்தேன். வெள்ளைச் சேலை கட்டிய நடுத்தர வயதுப் பெண், கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அப்படியொரு சாந்தம். அவர் யார், வரைந்தவர் யார், ஒன்றும் போட்டிருக்கவில்லை.

அதை ரவுணில் விளம்பரப் பனர் அடிக்கிற கடைக்குக் கொண்டுபோனேன்.

"கீழ ஏதும் எழுத வேணுமோ அண்ணை?" என்று கேட்டான் கடைக்காரன்.

"ஒண்டும் வேண்டாம்."

அச்சடித்துச் சட்டம் போட்டுத் தந்தபோது, படத்தின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. தலைக்குப் பின்னால் வெள்ளை ஒளி வேறு. "இது சும்மா செய்து தந்தது அண்ணை. எல்லாருக்கும் போடுறனான்" என்றான். அந்த 'எல்லாரும்' யாரென்று நான் யோசிக்கவில்லை. அவன் கடைச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிப் பனர் தொங்கியதையும் கவனிக்கவில்லை. எனக்குப் படம் நல்ல ஆன்மீகமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டு ஹோலில் மாட்டினேன். தினமும் நித்தியகல்யாணிப் பூவில் மாலை கட்டிப் போட்டேன். "உந்தப் படத்தை அறைக்குள்ள கொண்டுபோய் வையன் தம்பி, ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. அமைதி எல்லோருக்கும் பொதுவானது என்று அவருக்கு ஒரு மணிநேரம் கத்தி விளங்கப்படுத்தினேன். தாடியையும் வளரவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி மதுராவுக்குத் தரகர் மூலம் பளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. முன்பு வந்த இரண்டு சம்பந்தம் சாதகத்தில் முறிந்திருந்தது. இது சாதகமும் பொருந்தி, மாப்பிள்ளை குமரனும் அவளும் இரண்டு மாதமாகப் போனில் கதைத்து, ஒருவரையொருவர் விரும்பியும் விட்டார்கள். குமரனின் தாய், பவளம் மாமி, நேரில் வந்து பார்த்து ஓம் என்று சொல்வது மட்டும்தான் பாக்கி.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். நான் அப்போது பன்னிரண்டாவது நிமிடத்தில் இருந்தேன். இடையில் எழும்பக் கூடாது என்று காணொளி சொல்லியிருந்ததால் எழும்பவில்லை. (மடையன், மடையன்.)

அவர்கள் கண்ட காட்சியைச் சொல்கிறேன். மாலை போட்ட படம். எரிகிற விளக்கு. நிலத்தில் வெள்ளைத் துணி. அதில் வெள்ளை வேட்டியும் தாடியுமாகப் பெண்ணின் தமையன். இமைக்காமல் பார்த்ததில் இரண்டு கண்ணாலும் தாரை தாரையாகத் தண்ணீர். எனக்கு இடைஞ்சல் வரக் கூடாதென்று வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பவளம் மாமி ஒன்றும் பேசாமல் கதிரை நுனியில் இருந்தார். படத்தையே பார்த்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை, பலகாரத் தட்டையும் தள்ளி வைத்தார். ஐந்து நிமிடத்தில் எழும்பி, வந்த எல்லோரும் பேசாமல் போய் வான் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

அம்மா படலையைப் பிடித்தபடி நின்றார். "தம்பி, அவை போட்டு வாறம் எண்டு சொல்லேல்லையடா!"

எங்கள் ஊர்களில் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லாமல் ஆட்கள் எழும்பிப் போகிற வீடு ஒன்றுதான். செத்த வீடு.

பின்னேரம் தரகர் போன் எடுத்தார். "செத்தவீட்டுத் துடக்கை மறைச்சு ஆக்களைக் கூப்பிடலாமோ? முப்பத்தோராம் நாள் காரியம் முடியுமட்டும் பொறுத்திருக்கலாம்தானே?" மதுரா அழவில்லை. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று என் காது சிவந்தது வெட்கத்தில்.

அடுத்த நாள் தாடியை வழித்துக்கொண்டு பளைக்குப் போனேன். பவளம் மாமி வாசலில் வைத்தே விசாரித்தார்.

"உங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லையோ?"

"இல்லை மாமி, எல்லாரும் சுகம்."

"அப்ப படத்தில இருக்கிறவா ஆர்?"

"தெரியாது மாமி."

"ஆரெண்டே தெரியாத மனுசிக்கோ மாலை போட்டு விளக்குக் கொளுத்தி அழுதனீர்?"

அதற்குச் செத்தவீடே பரவாயில்லை போலிருந்தது. சோக்கு, அதிபர், காணொளி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். குமரன் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினான். பவளம் மாமி சிரிக்கவில்லை.

"என்ர அக்கா சண்டைக்குள்ள செத்துப்போனா. அல்பம், பெட்டி எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினனாங்கள். அவாவின்ர ஒரு படமும் இல்லை. இப்ப முகமும் மறந்து போகுது" என்றார். "உங்கட வீட்டுப் படத்தில அந்த மூக்கும் வாயும் அவாதான். அதாலதான் தம்பி, அங்க எனக்கு ஒரு கதையும் வரேல்லை."

அதற்குப் பிறகு மாமி, மதுராவைத் தனக்குப் பிடித்திருப்பதாகவும், சீதனம் ஒன்றும் வேண்டாம், அந்தப் படம் மட்டும் போதும் என்றும் சொன்னார்.

இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. சீதனமாகச் செத்தவாவைக் குடுத்த குடும்பம் என்று எங்கள் சொந்தத்துக்குள் இன்றைக்கும் பகிடி. குமரன் சொல்வதைக் கேட்டு மதுராவின் மகளும் அந்தப் படத்தைப் 'பெரியம்மா' என்றே கும்பிடுகிறாள். மாமி தினமும் விடிய அதற்கு முன்னால் இருந்து பார்க்கிறார். இருபது நிமிடமா என்று நான் கேட்டதில்லை. சோக்கு மட்டும் இப்போதும் பறக்கிறது, ஆனால் குறைவு.

வருடா வருடம் பெரியம்மாவின் திவசத்துக்கு நானும் போகிறேன். எங்கோ ஒரு நாட்டில் நல்ல சுகமாக இருக்கக்கூடிய ஒரு மனுசியின் படத்துக்கு முன்னால் இருந்து வடை பாயாசத்தோடு வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். போன முறை கை கழுவிவிட்டு, அம்மா படிப்பித்த பாடம் மறக்காமல், "மாமி, போட்டு வாறன்!" என்று பலமாகச் சொன்னேன்.

"தம்பி," என்றார் பவளம் மாமி, படத்துக்கு மாலையைச் சரிசெய்தபடி, "செத்தவைக்குச் செய்யிற வீட்டில அப்பிடிச் சொல்லுறேல்லை. பேசாமப் போம்."