கிராணி வீட்டுப் பெரட்டு

வேலை போன அன்றே ஆண்டியப்பன் ஒரு பெரிய முடிவெடுத்தார். வேலை போனது பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது.

உலகத்துக்குத் தெரிந்தால் பரவாயில்லை. ருக்குமணிக்குத் தெரிந்தால் தன் கதி என்ன என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவர் கிராணி, கணக்கு எழுதுகிறவர். விடிவதற்கு முன்னால் களத்தில் பனிக்குள் ஆட்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். ஆண்டியப்பன் குடைக்கு அடியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். மூன்றாம் கூப்பாட்டுக்குள் வராவிட்டால் அரைப் பேர். அப்புறம் நாள் முழுக்க முதுகு ஒடிந்தாலும் பாதிக் கூலிதான். துரைகூட இவ்வளவு கண்டிப்புக் காட்டியதில்லை. இது ஆண்டியப்பன் போட்ட சட்டம்.

களத்தில் போட்ட சட்டத்தைக் களத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே "ருக்குமணி" என்பார். அடுப்படியிலிருந்து "இருக்கேன்" என்று வர வேண்டும். "நீலா" என்பார். மகள் போர்வைக்குள்ளிருந்து "இருக்கேம்ப்பா" என்னும். பிறகு கடைசிக் கேள்வி.

"காப்பி எங்க?"

காப்பி தாமதித்தால் ருக்குமணிக்கு அரைப் பேர். அரைப் பேர் விழுந்த வாரம் பிரிஞ்சாங் டவுன் இரவுச் சந்தைக்கு, அந்தப் பசார் மாலாமுக்குக் கூட்டிப் போக மாட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ருக்குமணி அதிகம் பார்த்த இடம் அடுப்படி, அதிகம் வாங்கிய பொருள் அரைப் பேர்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கொழுந்து எடுத்தவள். "கிராணி பொண்டாட்டி முதுகுல கூடையா?" என்று நிறுத்தியவர் இவர்தான். அவளும் நின்றுகொண்டாள். அந்த மட்டில் மரியாதை தெரிந்தவள். புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. ஒருமுறை இவருக்கு இருமல் மருந்து வாங்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் மிஸ்ஸி நோயாளியின் பேர் கேட்டாள். சொல்லிக் கொடுக்க மகள் பக்கத்தில் இல்லை. ருக்குமணி வெட்கத்தோடு சுவரில் தொங்கிய பழனியாண்டி படத்தைக் காட்டினாள். மிஸ்ஸி அவசரக்காரி, முருகன் என்று எழுதிவிட்டாள். பாட்டில் தீரும்வரை ஆண்டியப்பன் முருகன் பேரில்தான் இருமினார்.

அப்படி ஆண்டுகொண்டிருந்தவருக்கு எண்பத்தாறாம் வருஷம் சனியன் ஒரு பெட்டியில் வந்தது. டிவி மாதிரி இருந்தது, படம் ஓடவில்லை. கம்ப்யூட்டராம். கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்தவர்கள் அதற்கு ஏர்கோன் வேண்டும் என்றார்கள். சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் மாட்டித் திரிகிற மலையில், அதற்கு மட்டும் தனியறை போட்டு இன்னும் கொஞ்சம் குளிர் வைத்தார்கள். யார் எந்த லயன் வீடு, யாருக்கு என்ன பிடித்தம் என்று ஆண்டியப்பனே பக்கத்தில் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக் கொடுத்தார். "நல்ல பிள்ளை. ஒரு தரம் சொன்னா மறக்கிறதில்ல" என்று வீட்டில் வந்து மெச்சவும் செய்தார்.

நல்ல பிள்ளை எல்லாம் கற்றுக்கொண்டது. துரை ஆண்டியப்பனைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்போதே இவருக்குச் சந்தேகம். துரை இதுவரை உட்காரச் சொன்னதில்லை. கையைக் குலுக்கி, நன்றி சொல்லி, மாசக் கடைசியில் கிராணி வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொன்னார். வேலையோடு வந்த வீடு, வேலையோடு போகும்.

ஆக, மாசக் கடைசிவரை நேரம் இருந்தது. அதற்குள் ஏதாவது நடக்கும் என்று ஆண்டியப்பன் நம்பினார். வழக்கம்போல இருட்டோடு எழுந்தார், வீட்டில் பெரட்டு எடுத்தார், சட்டைப் பையில் பேனா குத்தினார், குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக இறங்கினார். ஆபீசுக்குத் திரும்பும் பாதையில் திரும்பாமல் பிரிஞ்சாங் பஸ்ஸில் ஏறினார். அங்கே பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற லோரிகளில் முட்டைக்கோசு எவ்வளவு, பூ எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். கேட்பார் இல்லாத கணக்கு. காற்று எலும்பைத் தேடி வந்தது.

சாயங்காலம் ருக்குமணி கேட்பாள்.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்ன வேலைங்க?"

"அந்தக் கம்ப்யூட்டரோட ஒரே ரோதனை. உடம்பு சரியில்ல அதுக்கு."

"என்ன செய்யுதாம்?"

ஆண்டியப்பனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "குளிரு" என்றார்.

"அடப் பாவமே. போர்த்தி விடறதுதானே?"

"கம்ப்யூட்டருக்கு எவன் போர்த்துவான்?"

"குளிருன்னா போர்த்தத்தான் வேணும். கம்ப்யூட்டரா இருந்தா என்ன, கிராணியா இருந்தா என்ன."

மறுநாள் தூக்கோடு ஒரு கம்பளியும் வந்தது. பழசுதான், கனமானது. பைத்தியக்காரி, விஷயம் தெரியாமல் இரக்கப்படுகிறாள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். பெஞ்சில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவள் கேட்டாள், கம்ப்யூட்டருக்கு எப்படி இருக்கிறதென்று. தேவலாம் என்றார். ராத்திரிக்கு ரசம் வைத்தாள். "நாளைக்கு அதுக்கும் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

மாசக் கடைசி நெருங்கியது. சம்பளம் என்று எதையாவது அவள் கையில் வைக்க வேண்டும். குடும்பத்தை எங்காவது குடி வைக்க வேண்டும். ஆண்டியப்பனுக்கு ரசமும் இறங்கவில்லை.

அப்போதுதான் லோரி ஓட்டும் முருகையா அந்தப் பெஞ்சுப் பக்கம் வண்டியை நிறுத்தினான்.

"என்ன கிராணியாரே, கம்பளியும் கையுமா?"

சொல்லிவிட்டார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. முருகையா உச்சுக் கொட்டிக் கேட்டான். பிறகு யோசனை சொன்னான். தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் புல்லு வெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். கங்காணி புதுசு. துருவித் துருவிக் கேட்கிற ஆள் இல்லை. கீழ்ப் பிரிவில் வேலை கிடைத்தால் லயன் வீடும் கிடைக்கும்.

"என்னைத் தெரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"குல்லாவைக் கண்ணு வரைக்கும் இழுத்து விடுங்க லா. அந்தப் பனியில பக்கத்துல நிக்கிற மாட்டையே தெரியாது. பேர மட்டும் மாத்திக் குடுங்க. கந்தசாமின்னு நானே சொல்லி வச்சிடறேன்."

ஆண்டியப்பன் மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. கிராணி வீட்டைத் துரை ரிப்பேர் பார்க்கிறார், கொஞ்ச நாள் லயனில் இருக்கச் சொன்னார் என்று ருக்குமணியிடம் அளந்துவிடலாம். அவள் நம்புவாள். கம்ப்யூட்டருக்குக் கம்பளி கொடுத்தவள் எதைத்தான் நம்பமாட்டாள்?

மறுநாள் வீட்டுப் பெரட்டை முடித்துவிட்டுக் கிளம்பினார். காப்பி அன்று கொஞ்சம் தாமதம். போகிற போக்கில் அவளுக்கு ஓர் அரைப் பேரும் போட்டுவிட்டுத்தான் போனார். லோரிக் கொட்டகையில் சட்டையை மாற்றி, குல்லாவை மாட்டி, முருகையாவின் லோரியில் ஏறினார். முருகையா என்ன காரணமோ திரிங்காப் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தான். கீழ்ப் பிரிவுக் களத்தில் இறங்கியபோது பெரட்டு தொடங்கியிருந்தது. ஆண்டியப்பன் ஓடிப்போய் வரிசைக் கோடியில் நின்றார். பக்கத்தில் நின்ற பெண் முக்காட்டைக் கடித்துக்கொண்டாள். குளிர் போலும் என்று நினைத்தார்.

பனிக்குள் யாரோ பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொம்பளைக் குரல். கண்டிப்பான குரல். கூப்பிடுகிற தோரணை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று பார்த்தால், அட, நம்முடைய தோரணை. யாரோ நன்றாகக் கற்றிருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

"கந்தசாமி."

பதில் இல்லை.

"கந்தசாமி."

எவன் அவன் கந்தசாமி, முதல் நாளே சோம்பேறி, என்று ஆண்டியப்பன் வரிசையை எட்டிப் பார்த்தார். வரிசை மொத்தமும் அவரைப் பார்த்தது.

"கந்தசாமி. மூணாச்சு. அரைப் பேர்."

அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, நான்தான் கந்தசாமி, இருக்கேன், இருக்கேன்" என்று குல்லாவைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினார். பனிக்குள் ஒரு குடை. பார்த்த குடை. குடைக்கு அடியில் ருக்குமணி.

களத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

"நீயா?" என்றார்.

"கம்ப்யூட்டரு கணக்குப் போடுமாம். பனியில வந்து நின்னு பேர் கூப்பிடாதாமே. துரைக்குக் கங்காணி வேலைக்கு ஆள் வேண்டியிருந்துச்சு. முன்னப்பின்ன பழக்கம் உண்டான்னு கேட்டாரு. கல்யாணமான நாள்லேர்ந்து தினமும் பெரட்டுல நிக்கிறேங்க துரைன்னேன்." ருக்குமணி குரலை உயர்த்தவேயில்லை. "நீங்க பாதை திரும்பின உடனே நான் இந்தப் பக்கம் எறங்கிடுவேன்."

"அப்ப... உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே. துரை வீட்டுச் சமையக்காரி சொன்னா. பஸ் ஸ்டாப்புல கம்பளி கதகதப்பா இருந்துச்சா?"

ஆண்டியப்பன் வீட்டைப் பற்றிக் கேட்டார். லயனில் ஒரு வீடு அவள் பேருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். சாமான்களில் பாதி ஏற்கெனவே முருகையா லோரியில் போய்விட்டதாம். இவர் கவனிக்கவில்லை.

"சரி, வேலை இருக்குன்னு நேராவே சொல்லியிருக்கலாமே. இந்தக் கந்தசாமி எதுக்கு?"

"அது என் யோசனைதாங்க. பெரட்டுன்னா பேர் சொல்லிக் கூப்பிடணும். புருசன் பேர எப்படி வாயால சொல்றது? அதான் முருகையா அண்ணங்கிட்ட வேற பேர் போடச் சொன்னேன்." அவள் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அரைப் பேர் அரைப் பேர்தான். சட்டம் உங்களோடது. போய் வரிசையில நில்லுங்க."

நின்றார். அன்று முழுக்கப் புல்லு வெட்டினார். முதுகு எங்கே இருக்கிறது என்று அதுவரை அவருக்குத் தெரியாது, அன்று தெரிந்தது.

மறுநாள் இன்னும் விடியவில்லை. குடி மாறி வந்த லயன் வீட்டில் ஆண்டியப்பன் முனகிக்கொண்டு புரண்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த ருக்குமணி, புருஷன் பேரைக் கடைசிவரை வாயால் சொல்லாத அந்த மரியாதைக்காரி, கூப்பிட்டாள்.

"கந்தசாமி."

"இருக்கேன்" என்றார், முதல் கூப்பாட்டிலேயே.

"காப்பி எங்க?"