நல்லப்பன் வீட்டு விஷ ஒழிப்பு

ரங்கூன் பசுந்தாங் பேட்டை அரிசி மில் குமாஸ்தா நல்லப்பன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மகா சபதம் ஒன்று செய்தார். இனிமேல் தம் வீட்டுக்குள் விஷச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. முகப் பவுடர் ஆகட்டும், ஈ சாகும் காகிதம் ஆகட்டும், அன்றே வெளியேற வேண்டும். பாவம், அந்தச் சபதத்தை மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் அவர் மீசை இன்றைக்கும் கறுப்பாகவே இருந்திருக்கும்.

சபதத்துக்குக் காரணம் ஆரோக்கியம் என்று வெளியில் சொல்லிக்கொண்டார். உண்மையான காரணம் டிராம் வண்டி.

அதற்கு முந்தின வாரம் மனைவி உமையாளை அழைத்துக்கொண்டு டிராமில் க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுக்குப் போனார். உமையாள் புதிதாக ஒரு சீமைப் பவுடர் டப்பா வாங்கியிருந்தாள். அதைப் பூசிக்கொண்டு வந்திருந்தாள். டிக்கெட் கொடுக்க வந்த பர்மியக் கண்டக்டர் அவளைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், “தமீயா?” என்று மரியாதையாகக் கேட்டான். தமீ என்றால் மகள். அன்று மார்க்கெட்டில் நல்லப்பன் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கத்தரிக்காய் அத்தனையும் சொத்தை. மனசு ஒரு நிலையில் இருந்தால்தானே?

அவருடைய மனக்கஷ்டம் வேறு யாருக்கும் புரியாது. கல்யாணத்தின்போது தமக்கு முப்பது வயது என்று சொல்லியிருந்தார். நிஜ வயது அதைவிட எட்டு கூடுதல். கப்பலேறி ரங்கூனுக்கு வந்த மனுஷனின் வயதைச் சொல்ல இங்கே தாயா தகப்பனா? சொன்னதுதான் வயது. ஆனால் சொன்ன வயதைக் காப்பாற்ற வேண்டுமே. மீசை அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஒரு சீமை மைப் புட்டி. அந்தப் புட்டியின் இருப்பிடம், சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு கிழிந்த குடையின் மடிப்பு. குடையை ரிப்பேருக்குக் கொடுக்கலாமே என்று உமையாள் ஒருமுறை கேட்டதற்கு, அது அப்பா ஞாபகமாக வைத்திருக்கும் குடை, தொடாதே என்று கண் கலங்கிச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அவள் கோயிலுக்குப் போனதும் குடை இறங்கும், மீசை கறுக்கும், குடை ஏறும்.

இது உமையாளுக்குத் தெரிந்துவிட்டால்? அவள் சண்டை போடுவாள் என்று அவர் பயப்படவில்லை. ஒரு கிழவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தார். ஏழு வருஷமாக அந்தப் பயத்தோடுதான் தூங்கினார், அந்தப் பயத்தோடுதான் எழுந்தார்.

இந்தச் சமயத்தில்தான் தமிழ்ப் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்தது. சீமையிலிருந்து வரும் சில பவுடர்களில் ஈய விஷம் கலந்திருக்கிறதாம். ஈ சாகும் காகிதத்தில் பாஷாணமாம். நல்லப்பனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. உமையாளை எதிரே உட்கார வைத்து, பிரசங்கி மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. கடைசிப் பாராவுக்கு வந்ததும் கனைப்பு நின்றுவிட்டது. ஆண்கள் மீசைக்குத் தடவும் மையிலும் அதே விஷம்தான் என்று அங்கே போட்டிருந்தது. உதடு வெடிக்கும், வயிற்றைப் பிசையும், கை நடுங்கும் என்றும் போட்டிருந்தது. இந்த மூன்றும் அவருக்கு இருந்தன. மில்லுக்குப் பக்கத்துக் கடைப் பலகாரத்தால் வந்த வினை என்று அவர் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தார். இப்போதும் அப்படியே நினைப்பது என்று தீர்மானித்துப் பத்திரிகையை மடித்தார்.

“அவ்வளவுதானா?” என்றாள் உமையாள்.

“அவ்வளவுதான். கீழே இருக்கிறது நெல் விலை.”

“அப்போ, விஷம்னு எதுவும் வீட்டிலே இருக்கக் கூடாது. அதானே உங்க உத்தரவு?”

“அதேதான்.”

“யாரு சாமானா இருந்தாலும்?”

“யாருடையதா இருந்தாலும்” என்றார் நல்லப்பன், கம்பீரமாக.

உமையாள் உடனே எழுந்தாள். பவுடர் டப்பாவையும் முகத்துக்குப் பூசும் ஸ்நோ புட்டியையும் ஈக் காகிதத்தையும் எலிப் பசையையும் ஒரு கோணிப் பையில் கட்டி வெளியே வைத்தாள். பெண்டாட்டி இவ்வளவு சுலபமாக ஒரு பேச்சைக் கேட்டால் எந்தப் புருஷனும் உஷாராகியிருக்க வேண்டும். நல்லப்பன் பூரித்துப் போனார்.

பூரிப்பு மத்தியானச் சாப்பாடுவரைகூடத் தாங்கவில்லை. இலையில் ரசம் வரவில்லை. கேட்டதற்கு, ஈயச் செம்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன், ஈயம் விஷம் என்று நீங்கள்தானே வாசித்தீர்கள் என்றாள். நல்லப்பனுக்கு ஈயச் செம்பு ரசம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அது காரீயம், பவுடரில் போடுவது. இது வெள்ளீயம், பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து ரசம் வைப்பது. இரண்டும் வேறு வேறு என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னார். “பத்திரிகையிலே அப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கா?” என்று கேட்டாள். போடவில்லை. மண் சட்டி ரசத்தை அவர் மூன்று மாதம் மருந்து மாதிரி குடித்தார்.

அடுத்த அடி முகத்துக்கு விழுந்தது. பவுடர் போன மறுநாளே உமையாள் எதிர் வீட்டு மா சேனிடம் போய் ஒரு துண்டு தனக்கா மரம் வாங்கி வந்தாள். வட்டக் கல்லில் தண்ணீர் விட்டு அதன் பட்டையை உரசி, சந்தனம் மாதிரி இரண்டு கன்னத்திலும் பூசினாள். விஷமா? மருந்துக்கும் கிடையாது. பர்மாவில் பச்சைக் குழந்தைக்கே பூசுகிறார்கள். பூசிக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்ததும் நல்லப்பனுக்கு அழுகை வந்தது. பவுடரோடு மகள் மாதிரி இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண் மாதிரி இருந்தாள். அந்தப் பவுடர் டப்பாவை அவரே திருப்பி வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாங்குவது?

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மாசி பிறந்ததும் அவருடைய வயிற்றுப் பிசைவு நின்றது. உதடு ஆறியது. கணக்கு எழுதும்போது பேனா ஆடவில்லை. எல்லாம் விஷ ஒழிப்பின் மகிமை என்று மில்லில் எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வீட்டு அமீர் அலியிடமும் சொன்னார். அந்த லைன் வீடுகளுக்கு நடுவில் பலகைத் தடுப்புதான். அமீர் அலி அந்தப் பக்கம் தும்மினால் உமையாள் இந்தப் பக்கம் தீர்க்காயுசு என்பாள். அவ்வளவு நெருக்கம்.

ஆனால் மை விஷயத்தில் சில அதிசயங்கள் நடந்தன. முன்பெல்லாம் மூக்கைத் துளைக்கிற நாற்றம் அடிக்கும். இப்போது பன்னீர் மணத்தது. முன்பு வாரம் ஒரு தடவை போதும். இப்போது தினம் தடவ வேண்டியிருந்தது. குளிக்கும்போது மீசையை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வெயில் காலம், மை இளகுகிறது என்று சமாதானம் செய்துகொண்டார். அதிசயத்திலும் அதிசயம், எவ்வளவு தடவினாலும் புட்டியில் மை குறையவில்லை. சீமைச் சரக்கு சீமைச் சரக்குதான் என்று மெச்சிக்கொண்டார்.

சித்திரை வந்தது. நமக்கு வருஷப் பிறப்பு வருகிற சமயத்தில்தான் பர்மியருக்குத் திஞ்சான், தண்ணீர்ப் பண்டிகை. அந்த நாட்களில் ரங்கூனில் யார் தலையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றுவது வாழ்த்து. கோபித்துக்கொள்வது அபசாரம். மில் முதலாளியானாலும் நனைந்துகொண்டே சிரிக்க வேண்டும். நல்லப்பன் மட்டும், மீசை மை கரைந்துவிடுமோ என்ற பயத்தில், வருஷா வருஷம் திஞ்சானுக்குக் காய்ச்சல் என்று கதவைச் சாத்திக்கொள்வார். தெருவெல்லாம் கூத்தும் கும்மாளமுமாக இருக்கும்போது உமையாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். போய் வரட்டுமா என்று முதல் வருஷம் கேட்டாள். புருஷன் காய்ச்சலில் கிடக்கும்போதா என்றார். பிறகு அவள் கேட்பதில்லை.

இந்த வருஷமும் காய்ச்சல் வந்தது. வருஷப் பிறப்பன்று புது ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, போர்வையையும் போர்த்திக்கொண்டு கட்டிலில் இருந்தார். உமையாள் பின்பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டாள். குழாயில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று எழுந்து போனார். பின்படிக்கட்டில் மா சேனும் அமீர் அலியின் மனைவி மதீனா பீவியும் நின்றார்கள். உமையாள் கையில் ஈயச் செம்பு. பரணிலிருந்து அது எப்போது இறங்கியது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அவள் அதைச் சாவதானமாக அவர் தலைமேல் கவிழ்த்தாள்.

மா சேன் கை தட்டினாள். மதீனா பீவி முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நல்லப்பன் குனிந்து பார்த்தார். தாடை வழியாக, கழுத்து வழியாக, புது ஜிப்பாவின் பொத்தான் வரிசை வழியாகக் கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“கோவிச்சுக்கக் கூடாது” என்றாள் உமையாள். “இன்னிக்கு ஊர் வழக்கம்.”

உள்ளே போய்த் துண்டு கொண்டுவந்தாள். நாற்காலியில் உட்கார வைத்து மீசையைத் துடைத்தாள். அது பஞ்சு மாதிரி வெளுத்துப் போய் வெளியே வந்தது. ஏழு வருஷமாக எந்தப் பார்வைக்குப் பயந்தாரோ அதற்காக அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“புட்டியிலே இருந்த மை தை மாசமே சாக்கடைக்குப் போயிடுச்சு. இது விளக்குக் கரி. வேலம்பிசின் தண்ணியிலே குழைச்சு, வாசனைக்கு ரெண்டு சொட்டு பன்னீர். நான்தான் ஊத்தி ஊத்தி வச்சேன்.”

“உனக்கு எப்படி...”

“நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டுறதுக்கு முந்தின சாயங்காலமே அமீர் அலி பாய் பீவிக்கு அதை வாசிச்சுக் காட்டிட்டாரு. சத்தம் போட்டுத்தானே வாசிப்பாரு? அவரு நெல் விலைக்கு முன்னாடி மீசை மையையும் வாசிச்சாரு.”

நல்லப்பன் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியானால் தமக்கு மீசை மை உண்டு என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று, இருக்கிற மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ளக் கேட்டார்.

“தாலி கட்டக் குனிஞ்சீங்களே, அப்பவே ஒரு கறுப்புச் சொட்டு என் கூறைப் புடவையிலே விழுந்துச்சு. பெட்டியிலேதான் இருக்கு. காட்டவா?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தெரிந்ததை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முனகினார்.

“சொல்லியிருந்தா வேறே புட்டி வாங்கி வேறே குடையிலே ஒளிப்பீங்க. நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க, நான் பார்த்துக்கிட்டு நிப்பேன். கடல் தாண்டி வந்து ஒரு மீசைக்காக நான் தாலியறுக்கணுமா?” அவள் துண்டை உதறினாள். “புது வருஷம் பொறக்குது. எனக்கும் கரி எடுத்து எடுத்துக் கை கறுத்துப் போச்சு.”

நல்லப்பன் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அவர் பயந்த பார்வை அங்கே இல்லை. தனக்கா பூசிய கன்னத்தில் ஒரு கோடு மட்டும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்க முடியாத வருத்தம் வந்தது. போன வருஷத்துத் திஞ்சான், அதற்கு முந்தின திஞ்சான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற எல்லாத் திஞ்சானும் ஞாபகத்துக்கு வந்தன. யாரிடமிருந்து எதை மறைத்தோம், அதற்காக எத்தனை நல்ல நாளைக் காய்ச்சல் என்று சொல்லிப் பாழாக்கினோம் என்று நினைத்து நினைத்து வருந்தினார். அந்த நாட்களையெல்லாம் எந்தச் சீமைக் கடையில் போய்த் திருப்பி வாங்குவது? ஈர ஜிப்பாவோடு அவளைத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். இருவரும் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். அன்று இலையில் ஈயச் செம்பு ரசம் வந்தது.

அந்த ரசத்தின் தைரியத்தில், மறுவாரம் நரைத்த மீசையை முறுக்கிக்கொண்டு மனைவியோடு டிராமில் ஏறினார். இனி மறைக்க என்ன இருக்கிறது? யார் கேட்டாலும் மார்தட்டிச் சொல்லிவிடுவது, இவள் என் சம்சாரம் என்று. வண்டியில் நெரிசல். ஒரு பர்மிய வாலிபன் அவருடைய மீசையைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, பக்கத்திலிருந்தவனையும் எழுப்பி, பெரியவரும் தமீயும் உட்காரட்டும் என்று இடம் காட்டினான்.

நல்லப்பன் மார்பை நிமிர்த்தி வாயைத் திறந்தார். உமையாள் அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் காதோடு சொன்னாள்:

“புருஷன்னு சொல்லிடாதீங்க. நம்ம ரெண்டு பேரையும் எந்திரிக்கச் சொல்லிடுவாங்க.”