தேவை தீர்ந்துபோன காயல்

வரைபடம் எழுதுகிறவர்கள் கடலுக்கு நீலம் பூசி முடித்துத் தூரிகையைக் கழுவும் இடத்தில் நுரைநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் அரசர் அலைமுடியார். நாட்டின் நடுவே ஒரு காயல். குடிகள் அதில் மீன் பிடித்தும், அரசரை வாழ்த்தியும் பிழைத்துவந்தார்கள்.

ஒரு கோடையில் காயல் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதக்கத் தொடங்கின. செம்பாயி என்ற மீன்காரி, செத்த மடவை மீன் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு அரசவைக்குப் போனாள். கணவன் இல்லாதவள். இரண்டு பெண்களையும் இந்தக் காயலை வைத்துத்தான் வளர்த்துவந்தாள்.

“ராசா, மீனெல்லாம் சாவுது. ஏன்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்க. சாயப்பட்டறைத் தண்ணி வந்து விழுற எடத்துலதான் ரொம்பச் சாவுது.”

சாயப்பட்டறை அரசரின் மைத்துனருடையது. ஆகவே கடைசி வாக்கியம் மட்டும் அவையில் யாருக்கும் காதில் விழவில்லை. மற்றவை அரசரை உருக்கிவிட்டன.

“இனி அறிஞர்கள் தம் விருப்பம்போல் எதையும் ஆராயக் கூடாது. மக்களின் தேவை எதுவோ அதற்கே நிதி!” என்று ஆணையிட்டார்.

நிதி ஒதுக்கியாயிற்று. இனித் தேவையைக் கண்டுபிடிக்க வேண்டும். நீர்நுட்ப அமைச்சர் நுண்மதியார் எழுந்தார்.

“மீன் யாருக்குத் தேவை? உண்பவருக்கு. நாட்டிலேயே அதிகம் மீன் உண்பது அரண்மனை. எனவே அரண்மனையின் தேவையே மக்களின் தேவை.”

அரண்மனையைக் கேட்டார்கள். இளவரசரின் தொண்டையில் முள் சிக்குவதாகச் சொன்னது. முள்ளில்லாத மீனுக்கான ஆராய்ச்சி தொடங்கியது. ஆராய்ச்சித் தண்ணீர் கலங்கக் கூடாதென்று காயலில் வலை வீசத் தடை வந்தது. செம்பாயியின் படகு கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது.

அறிஞர்கள் கெட்டிக்காரர்கள். முள்ளில்லாத மீனை உண்டாக்கியே விட்டார்கள். தண்ணீரில் விட்டதும் அது ஈரத்துணி போல மடங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“நீந்துவதற்கு அதற்கு உதவி தேவைப்படுகிறது,” என்றார் நுண்மதியார். “தேவை என்று வந்துவிட்டால் நிதி உண்டு.”

தொழில் இழந்த குடிகள் காயலில் இறங்கி, ஆளுக்கொரு மீனை இரு கைகளிலும் தாங்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதற்கு வேலைவாய்ப்புத் திட்டம் என்று பெயர். செம்பாயியும் மார்பளவுத் தண்ணீரில் அரசாங்க மீனோடு நடந்தாள். சாயத் தண்ணீர் பட்டுக் காலில் தோல் உரிந்தது. பக்கத்தில் நடந்த காத்தாயிக்கு மார்பு வரை நீலமாகிவிட்டது.

“அவங்க மீனை நாம சொமக்கிறோம். நம்ம மீனை யாருடி பாக்குறது?” என்றாள் காத்தாயி.

செம்பாயி கையிலிருந்த மீனை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறினாள். சாயக் குழாயை நோக்கி நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்தார்கள். இதுவும் வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துப் பட்டறைக் காவலர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். கிழிந்த வலை, களிமண், படகுப் பலகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்துக் குழாயை அடைத்தார்கள். சாயத் தண்ணீர் திரும்பி மைத்துனரின் தோட்டத்தில் தேங்கியது. அவருடைய வெள்ளை மயில்கள் ஊதாவாயின.

மழை வந்து காயலைக் கழுவியது. மீன்கள் திரும்பின, முள்ளோடு. செம்பாயியின் பெண்கள் வெகுநாளுக்குப் பிறகு மீன் தலைக்குச் சண்டை போட்டார்கள். அவள் விலக்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசவை அதிர்ந்தது.

“அரசே, மக்களின் தேவை திடீரென்று தீர்ந்துபோய்விட்டது,” என்றார் நுண்மதியார் தழுதழுத்த குரலில். “தேவை இல்லையேல் நிதி இல்லை என்பது தங்கள் ஆணை. அறிஞர்களின் கதி என்ன? பொதுநலன் கருதித் தேவையை உடனே மீட்டெடுக்க வேண்டும்.”

குழாயைத் திறந்துவைக்க அரசர் மேளதாளத்தோடு புறப்பட்டார். போய்ப் பார்த்தால் ரிப்பன் கட்டவே இடமில்லை. குழாய் அடைப்பில் முதுகைச் சாய்த்துச் செம்பாயியும் காத்தாயியும் மற்றவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அரசரே வந்திருக்கிறார். உங்கள் தேவை எதுவானாலும் சொல்லுங்கள்,” என்றார் நுண்மதியார்.

“அன்னிக்கு நாங்க கேட்டோம், நீங்க கேக்கல. இன்னிக்கு நாங்க ஒண்ணும் கேக்கலிங்கய்யா,” என்றாள் செம்பாயி.

“இலவசப் படகு?”

“வேணாங்கய்யா.”

“தினமும் அரண்மனைச் சோறு?”

“மீன் இருக்குங்க.”

அரசரின் முகம் வெளிறியது. அமைச்சரைத் தனியே அழைத்துப்போனார்.

“நுண்மதியாரே, சலுகை கேட்டால் கொடுக்கலாம். கலகம் செய்தால் அடக்கலாம். ஒன்றுமே வேண்டாம் என்பவர்களை எப்படி ஆள்வது?”

அமைச்சருக்கு விடை தெரியவில்லை. ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது.

“அரசே, இதுவல்லவா தேவை!” என்றார்.

அன்று மாலையே அந்த ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கப்பட்டது.