சப்பாத்திக்கள்ளிச் சவரப் படலம்

வாழ்க, வாழ்க! நாள்தோறும் கத்தியெடுத்தும் குருதி காணாத கையோன் வாழ்க! கன்னக்காடு திருத்துவோன், மீசைக்கு எல்லை வகுப்போன், கிருதாக்களின் காவலன், எண்ணெய் காணாப் பரட்டையையும் ஒரே வாரலில் மண்டியிடச் செய்வோன், சுழல்நாற்காலி நாட்டுக்கு முடிசூடா மன்னன், ஆயினும் பிறர் முடியால் பிழைப்போன், முடிதிருத்தும் நிலையத்து முதலாளி நீடூழி வாழ்க! அப்பெருமகனார் ஒரு சனிக்கிழமை முற்பகலில் தம் கடைவாசலிலேயே பொருதிய பெருஞ்சமரைச் செவியுள்ளோர் கேட்பீராக.

பகைவன் யாரெனில், வாசல் தொட்டியில் நின்ற சப்பாத்திக்கள்ளி. நாயகரின் மனைவியும் பள்ளியில் உயிரியல் ஆசிரியையுமான அம்மையார் ஒற்றை மடலாய்க் கொணர்ந்து மண்ணில் செருகிய நாள்முதலாய், மடல்மேல் மடல் ஈன்று, ஆளின் இடுப்பளவு ஓங்கி, இலைகளையெல்லாம் வேல்களாக வடித்துக்கொண்டு, தண்டையே இலையாக்கி வெயிலுண்டு, பெய்த மழையைத் தன் தசைக்குள் கொழகொழவெனப் பதுக்கி, ஈரம் பறிபோகுமென்று பகலெல்லாம் மூச்சடக்கி, இருள் கவிந்தபின்னரே மூச்சுவிடும் கடுந்தவத்தோன் அவன். அவன் பழம் பிழிந்தால் செந்நிறச் சாறு, மடல் சீவி வதக்கினால் கறி, நெருக்கி நட்டால் வேலி, அவன்மேல் ஒட்டிவாழும் பூச்சியை நசுக்கினால் துணிக்குச் சாயம் என்று ஆசிரியை அடுக்கும் போதெல்லாம் நம் நாயகர் "ம்" கொட்டுவார். ம் கொட்டியதெல்லாம் கேட்டதாகுமா?

அன்று நாற்காலியில் வீற்றிருந்தவர் காப்பீட்டு முகவர். வலக்கன்னம் மழிந்து பளபளக்க, இடக்கன்னம் நுரைமேகத்துள் மறைந்திருக்க, வாய் மட்டும் எந்த மேகத்துக்கும் அடங்காதிருந்தது. உள்ளே நுழைகையில் கள்ளி அவர் கால்சட்டையைப் பிடித்திழுத்த வயிற்றெரிச்சல் வேறு.

"ஊருக்கெல்லாம் ஷேவ் பண்றீங்கண்ணே, வாசல்ல நிக்கிறவனை மட்டும் விட்டுவச்சிருக்கீங்க! என்ன, அவன்னா கத்திக்குப் பயமா?"

காத்திருந்தோர் கொல்லென்று சிரித்தனர். செய்தித்தாளுக்குப் பின்னால் முகம் மறைத்திருந்தவரும் தாள் குலுங்கச் சிரித்தார். கிண்ணத்தில் கடைந்த நுரை விளிம்பு தாண்டிப் பொங்குமாப்போலே சினம் பொங்கிய நாயகர், கத்தியை வானோக்கி உயர்த்தி முழங்கினார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தக் கத்திக்கு அடங்காதது இன்னும் முளைக்கலை. அவனை வழவழன்னு ஆக்கிட்டுத்தான் உன் மிச்சக் கன்னத்தைத் தொடுவேன்!"

"அண்ணே, விளையாட்டுக்குச் சொன்னேன்! எனக்கு ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு!" என்று முகவர் கதறியது, போர்முரசின் நடுவே கொசுவின் ரீங்காரமென ஒழிந்தது.

சாயம் பூசும் கையுறை பூண்டு, இடுக்கியால் பெருமடலின் விளிம்பைப் பற்றி, பகைவனே ஆயினும் வாடிக்கையாளனாய் வந்தமையின் கழுத்தில் துண்டு போர்த்தி, தூரிகையால் நுரையப்பி, கத்தியைச் சாய்த்து நாயகர் இழுத்த இழுப்பில், யானைப்படை புகுந்த மூங்கில்வனம் போல வேல்கள் சரசரவெனச் சாய்ந்தன. சில வேல்கள் தெறித்துப் புருவம் உரசின. கத்தி இருமுறை மழுங்கியது, இருமுறை தீட்டப்பட்டது. கடை முழுதும் தெருவில் திரண்டது. இறுதியில் மடல் மொழுமொழுவென ஒளிர, "எப்படி?" என்றார் நாயகர். கரவொலி எழுந்தது.

ஐயகோ, அங்கேயே நின்றிருக்கலாகாதா! தொழில்தர்மம் விடவில்லை. கையுறையைக் கழற்றி, மணநீரை இரு உள்ளங்கைகளிலும் ஊற்றித் தேய்த்து, எல்லாக் கன்னங்களுக்கும் செய்வதேபோல், மடலின் இருபுறமும் பளார் பளாரென்று பாசத்தோடு தட்டினார்.

வேல் வீழ்ந்தது மெய். ஆயின் ஒவ்வொரு வேலின் அடிக்கண்ணிலும் பூந்தூசுபோல் ஒளிந்திருந்த நுண்முட்படை, கண்ணுக்குத் தெரியாக் கொக்கிகள் தரித்த அப்படை, கொத்துக்கொத்தாய் இரு கைகளிலும் குடியேறியது. நாயகர் எழுப்பிய ஓலத்தில் மின்கம்பிக் காக்கைகள் திசையறியாது பறந்தன.

அரைநாள் பள்ளி முடிந்து குடையோடு வந்த ஆசிரியை கூட்டத்தை விலக்கிப் பார்த்தார். மழித்த கள்ளியைப் பார்த்தார். கைகளைக் காற்றில் ஏந்தி நின்ற கணவரைப் பார்த்தார்.

"என்னங்க இது? பெரிய முள்ளு வெறும் மிரட்டல், சின்ன முள்ளுதான் ஆளைப் படுத்தும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"சொன்னியா?"

"ம் கொட்டுனீங்களே!"

"கையே போச்சுடி. இனி கத்தரிக்கோல் பிடிப்பேனா?" என்ற நாயகரின் கண்ணில் வலியைவிட அச்சமே மிகுந்திருந்தது. அதைக் கண்ட ஆசிரியையின் குரல் தணிந்தது.

"பிடிப்பீங்க. தேய்க்காம இருங்க."

கடையிலிருந்த மயிர்நீக்கு மெழுகை இளஞ்சூடாக்கி உள்ளங்கைகளில் பூசி, துணிப்பட்டை ஒட்டி, ஆறவிட்டு, அவர் 'சர்'ரென உரித்தெடுக்க, படையின் பெரும்பகுதி பட்டையோடு வெளியேறியது. உரிக்குந்தோறும் நாயகர் குலதெய்வங்களை வரிசைப்படி அழைத்தார். நாயகரை வெயிலில் அமர்த்தி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, எஞ்சிய முட்படையினரை இடுக்கியால் ஒவ்வொருவராய்ச் சிறைப்பிடித்தார் அம்மையார்.

"கள்ளி செத்துடுமா?" என்றார் நாயகர், சிறுகுரலில்.

"அதுக்கென்ன, காயம் காஞ்சு தழும்பாயிடும். நீங்க கையை ஆட்டாதீங்க."

"என் கன்னம்?" என்றார் முகவர், உள்ளிருந்து. மழிக்கவேண்டிய கைகளோ அம்மையார் பிடியில். ஒருபுறம் பாலகனாகவும் மறுபுறம் முனிவனாகவும் அவர் துண்டால் முகம் பொத்தி அலுவலகக் கூட்டத்துக்கு விரைந்தார். வெற்றி யாருக்கு, தோல்வி யாருக்கு என்று தெரு இரண்டுபட்டு வழக்காட, கவரி வீசுவார் இன்றியும் கொற்றக்குடை கவிப்பார் இன்றியும், கட்டுத்துணி சுற்றிய இரு கரங்களையும் வாகைமாலை ஏந்தினாற்போல் ஏந்தி, மாவீரர் மெல்ல மெல்ல இல்லம் புகுந்தார்.

ராத்திரி சாப்பாட்டை மனைவிதான் ஊட்டிவிட்டார்.