எங்கள் கம்பெனியில் தொழிலாளியே கிடையாது

உலகிலேயே ஒரே கூரையின் கீழ் நாற்பத்திரண்டு தொழிலதிபர்கள் உழைத்த இடம் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றுதான். எல்லோரும் காலை எட்டு மணிக்கு விரல்ரேகை வைத்து, நீலச் சட்டை போட்டு, கழிப்பறைக்குப் போக என்னிடம் சீட்டு வாங்குவார்கள். நான் மேற்பார்வையாளன் அல்ல. 'சுதந்திரத் தொழில்முனைவோர் ஒருங்கிணைப்பாளர்'.

இது முதலாளியின் யோசனை. "தொழிலாளின்னு கூப்பிட்டா அவங்க மனசு நோகும்யா," என்றார். எவ்வளவு இளகிய மனம்! ஒரே நாளில் எல்லோரிடமும் 'நான் தொழிலாளி அல்ல, தொழிலதிபர்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினோம். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் கையெழுத்தை நானே போட்டேன்.

பெட்டி மடிக்கும் அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்போ நாளைக்கு நான் வராம இருக்கலாமா சார்?"

"தாராளமா. லீவு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க."

ஆண்டுவிழாவில் சான்றிதழ் வழங்குவது முதலாளிக்கு உயிர்; ஒப்பந்தத்துக்குப் பிறகும் அதை விடவில்லை. வாசகம் என்னுடையது, கையெழுத்து அவருடையது. சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டித்தான் கொடுப்பார்.

போன மாதம் அழுத்து இயந்திரம் அக்காவின் வலதுகை விரல்கள் இரண்டை நசுக்கிவிட்டது. வேகம் குறைகிறது என்று அதன் பாதுகாப்புத் தடுப்பை முதலாளிதான் கழற்றச் சொல்லியிருந்தார். விரல்கள் மறுபடி மடங்க வேண்டுமானால் இன்னோர் அறுவைச் சிகிச்சை வேண்டும். தொழிலாளி என்றால் கம்பெனி செலவு செய்தாக வேண்டும். தொழிலதிபர் என்றால் அவர் பாடு.

"ஒரு தொழிலதிபருக்கு அடிபட்டா இன்னொரு தொழிலதிபர் என்னய்யா பண்ண முடியும்? பூங்கொத்து அனுப்பு," என்றார் முதலாளி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

அக்கா தொழிலாளர் அதிகாரியிடம் போய்விட்டார். விசாரணை அறையில் முதலாளி கம்பீரமாகச் சொன்னார்: "அவங்க இஷ்டத்துக்கு வருவாங்க, போவாங்க. நாங்க எதுவும் கேக்கறதில்லீங்க."

அக்கா இடது கையால் பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிகாரி உரக்கப் படித்தார்: "ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமலும், ஒரு நிமிடமும் தாமதிக்காமலும், நிர்வாகத்தின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்த சிறந்த ஊழியர்."

அதிகாரி நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். "இதை எழுதினது யாரு?"

முதலாளி கண் இமைக்காமல் என்னைக் காட்டினார். "இவர்தான். ஆனா இவர் எங்க ஆள் இல்லீங்க. இவரும் சுதந்திரத் தொழில்முனைவோர். தப்புக்கு இவரே பொறுப்பு."

"பத்து நிமிஷம் குடுங்க சார்," என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். கம்பெனி அடுத்த தெருவில்தான். பதினோரு வருடத்தில் முதல்முறையாக யாரையும் கேட்காமல் வெளியே நடந்தேன். என் அறைச் சுவரில் வருடத்துக்கு ஒன்றாகப் பதினோரு 'சிறந்த ஊழியர்' சான்றிதழ்கள் தொங்கின. அத்தனையையும் கழற்றிக்கொண்டு வந்து அக்காவுடையதன் மேல் அடுக்கினேன்.

"முதலாளி சொல்றது சரிதான் சார். தப்புல எனக்கும் பொறுப்பு இருக்கு. எழுதினது நான்," என்றேன். "கீழ கையெழுத்து யாருதுன்னு அவரையே படிக்கச் சொல்லுங்க."